உவர் வயலுக்கும் பிள்ளைகளின் இரத்தச்சோகைக்கும் ஒரே நெல்லினம் விடையாகுமா?

கைதடிக் கமம் எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். விவசாய ஆராய்ச்சித் துறையோடு பழக்கமுள்ளவர்கள் இங்கே பலர் இருப்பதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன்.

நாவற்குழிக்கும் கைதடிக்கும் இடையே, கடல்நீரேரியை அண்டியதாக எங்களுக்குப் பரம்பரைக் காணி ஒன்று உண்டு. முழுவதும் மானாவாரி; காலபோகம் மட்டுமே செய்கிறோம். அப்பா இருந்த காலத்தில் மொட்டைக்கறுப்பன் விதைத்தார். இப்போது நான் கிடைக்கின்ற புதிய இனங்களை விதைக்கிறேன். மேட்டுப் பக்கத்துத் துண்டு பெரும்பாலும் ஒழுங்காக விளைந்துவிடும். கடல்நீரேரிப் பக்கத்துத் துண்டில் பயிர் நன்றாக முளைத்து, மட்டம் வெடித்து (பக்கக் கிளைகள் விட்டு), கதிரும் தள்ளிய பிறகு, தை மாதத்தில் கீழ் இலைகள் நுனியிலிருந்து வெளிறிக் காய்ந்து, அறுவடையில் பாதிக்கு மேல் பதராகப் போகிறது. பசளையைக் கூட்டிப் பார்த்தும் மாற்றம் இல்லை.

இரண்டாவது விடயம் வீட்டைப் பற்றியது. மகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இரத்தச்சோகை இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். ஆனாலும் நாங்கள் விளைவித்து நாங்களே உண்ணும் அரிசி அவளுடைய உடம்புக்கு இன்னும் கொஞ்சம் பயன்படக்கூடாதா என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

உப்பைத் தாங்கும் நெல்லையும், இரும்பும் நாகமும் (துத்தநாகச் சத்தும்) கூடிய நெல்லையும் தாவர விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டதாகப் பத்திரிகைகளில் வாசிக்கிறேன். அவை உண்மையிலேயே எங்கள் கைக்கு எட்டும் நிலையில் உள்ளனவா? இரண்டு குணமும் ஒரே நெல்லில் சேருமா? பழைய மொட்டைக்கறுப்பனிலேயே இரண்டும் இருந்தன என்று ஊரில் மூத்தவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை? தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பரந்தன் நாற்று எழுதியது:

வணக்கம் தம்பி. நெல் ஆராய்ச்சியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்கள் முதற் கேள்விக்கு விடை எழுதுகிறேன். உணவுச்சத்துப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

"உப்பைத் தாங்கும் நெல்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. நெல் எந்தப் பருவத்தில் உப்பைத் தாங்க வேண்டும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. முளைக்கும்போது நெல் ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று இலை விட்ட இளம் நாற்றாக இருக்கும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். மட்டம் வெடிக்கும் காலத்தில் மீண்டும் தேறிக்கொள்ளும். பிறகு கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவத்திலும் பூக்கும் நாட்களிலும் மறுபடியும் பலவீனப்படும். நாற்றுப் பருவத்துத் தாங்குதிறனையும் பூக்கும் பருவத்துத் தாங்குதிறனையும் பெரும்பாலும் வெவ்வேறு மரபணுக்கள் ஆள்கின்றன. ஒன்றில் தேறிய இனம் மற்றதில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் வயலில் பயிர் நன்றாக முளைத்து வளர்ந்து, தை மாதத்தில் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடாநாட்டில் அதற்குக் காரணம் தெளிவானது. ஐப்பசி, கார்த்திகை மழை மேல் மண்ணிலுள்ள உப்பைக் கழுவிக் கீழே இறக்குகிறது. மழை ஓய்ந்து வயலில் நின்ற நீர் வற்றத் தொடங்கியதும், கீழே உள்ள உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலேறி, நீர் ஆவியாகி, உப்பை மட்டும் வேர்ப் பகுதியில் விட்டுச் செல்கிறது. அந்த வேளையில் உங்கள் பயிர் பூத்துக்கொண்டோ பால் பிடித்துக்கொண்டோ நின்றால் பதர் தவிர்க்க முடியாதது. பசளையைக் கூட்டினால் மண் நீரில் கரைந்துள்ள உப்பு இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

உப்பு பயிரை இரண்டு விதமாகத் தாக்குகிறது. முதலில், வேர் நீரை உறிஞ்சுவதைக் கடினமாக்குகிறது. வயலில் ஈரம் இருந்தும் பயிர் வறட்சியில் நிற்பது போல வாடுவது இதனால்தான். பிறகு சோடியம் இலைகளில் சேர்ந்து, பொற்றாசியம் செய்ய வேண்டிய வேலைகளைக் குழப்புகிறது. பயிர் தன் இளம் இலைகளைக் காப்பாற்றுவதற்காகச் சோடியத்தை முதிர்ந்த இலைகளில் ஒதுக்குவதால்தான் கீழ் இலைகள் நுனியிலிருந்து முதலில் காய்கின்றன. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதற்கு அளவுகோல் உண்டு. மண்ணை நீரால் நிறைவித்துப் பிழிந்தெடுத்த கரைசலின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) மீற்றருக்கு 3 டெசிசீமன் வரை இருந்தால் நெல் விளைச்சலில் இழப்பு இல்லை என்றும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும் என்றும் 1977 ஆம் ஆண்டிலிருந்து வழக்கிலுள்ள அட்டவணை சொல்கிறது. அதே அட்டவணையில் வெங்காயத்தின் எல்லை 1.2, மிளகாயின் எல்லை 1.5, பார்லியின் எல்லை 8. குடாநாட்டின் பணப்பயிர்கள் இரண்டும் நெல்லைவிடவும் உப்புக்கு அஞ்சுபவை என்பதைத் தோட்டக்காரர்களும் கவனிக்க வேண்டும். கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கிய இடங்களில் வெங்காயம் முதலில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி விஞ்ஞானிகள் செய்ததற்கு வருகிறேன். கேரளத்துக் கரையோரச் சதுப்பு வயல்களில் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த பொக்காளி என்ற நெல்தான் இந்தத் துறையின் அடித்தளம். பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) சால்ட்டோல் எனப் பெயரிடப்பட்ட ஒரு பகுதி நாற்றுப் பருவத்தில் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் சமநிலையில் வைத்திருக்க உதவுகிறது. அதே நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு மரபணு, வேரிலிருந்து மேலே ஏறும் சாற்றில் உள்ள சோடியத்தை வழியிலேயே திரும்ப எடுத்து, இலைக்குப் போகாமல் தடுக்கின்ற புரதத்தை ஆக்குகிறது. நோனா பொக்ரா என்ற வேறொரு பாரம்பரிய நெல்லிலிருந்து இந்த மரபணு 2005 இல் பிரித்தறியப்பட்டது.

இவ்வகை இனங்களை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். மெல்லிய ரெஜிபோம் பலகையில் வரிசையாகத் துளையிட்டு, அடியில் நைலோன் வலை தைத்து, ஒவ்வொரு துளையிலும் முளைவிட்ட நெல்லை வைத்து, சத்துக்கரைசல் நிறைந்த தட்டில் மிதக்க விடுவார்கள். சில நாட்களின் பின் கரைசலில் உப்பைச் சேர்த்து 12 டெசிசீமன் அளவுக்கு உயர்த்துவார்கள். இரண்டு கிழமைக்குள் தட்டு முழுவதும் வைக்கோல் நிறமாகிவிடும். அதன் நடுவே ஓரிரு வரிசைகள் மட்டும் பச்சையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் 1 இலிருந்து 9 வரை புள்ளியிடுவார்கள். 1 என்றால் பாதிப்பே இல்லை, 9 என்றால் நாற்று முற்றாகக் கருகிவிட்டது என்று பொருள். இது விரைவான, நம்பகமான சோதனை. ஆனால் சோதிக்கப்படுவது நாற்று. பூக்கும் பருவத்தைச் சோதிக்க ஒவ்வோர் இனத்தையும் பூக்கும் வரை வளர்த்து, சரியான நாளில் உப்பிட வேண்டும் என்பதால் அந்த வேலை மிக மெதுவாகவே நகர்கிறது. உங்களைப் போன்றவர்களின் வயலுக்கு வேண்டிய ஆராய்ச்சி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் நாட்டில் அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளியைப் பி.ஜி. 94-1 என்ற நெல்லினத்துடன் கலந்து ஏ.ரி. 354, ஏ.ரி. 401 ஆகிய இனங்களை வெளியிட்டிருக்கிறது. இரண்டும் உவர் நிலத்துக்கெனப் பரிந்துரைக்கப்படுபவை. பெயரில் உள்ள முதல் இரண்டு இலக்கங்கள் வயதைச் சொல்கின்றன: 354 மூன்றரை மாதம், 401 நான்கு மாதம். நெல் பூத்ததிலிருந்து முற்ற ஏறத்தாழ முப்பது நாட்கள் எடுக்கும். ஆகவே ஒக்ரோபர் தொடக்கத்தில் முளைத்த மூன்றரை மாத நெல் டிசம்பர் நடுப்பகுதியில், அதாவது வயலில் நன்னீர் நிற்கும்போதே பூத்துவிடும். நான்கு மாத நெல் டிசம்பர் கடைசியில் பூக்கும். நாலரை மாத இனமாயின் பொங்கலை ஒட்டிப் பூத்து, உப்பு மேலேறும் நேரத்தில் பால் பிடிக்கும். உப்பைத் தாங்குவதைவிட உப்பு வருவதற்கு முன் பூத்து முடிப்பது எளிது. மழைக்கு முந்திய புழுதி விதைப்பை உங்கள் அப்பா காலத்தவர்கள் அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். உங்கள் கடல்நீரேரிப் பக்கத் துண்டில் பிந்தி விதைப்பதைத் தவிர்த்து, ஏ.ரி. 354 ஐ முந்தி விதைத்துப் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் மழையில் மூழ்கிய வயல்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பாரம்பரிய நெல்லில் இருந்த சப்-1ஏ என்ற மரபணு 2006 இல் அடையாளம் காணப்பட்டது. சாதாரண நெல் நீரில் மூழ்கியதும் வெளியே வரும் வேகத்தில் நீண்டு வளர்ந்து, சேமிப்பையெல்லாம் செலவழித்துச் செத்துப் போகும். இந்த மரபணு உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைக் காத்து, இரண்டு கிழமை வரை மூழ்கியிருந்தாலும் நீர் வடிந்ததும் தழைக்கும். இதைச் சுவர்ணா என்ற புகழ்பெற்ற இனத்துக்குள் பின்கலப்பு முறையில் (பிறந்த கலப்பைத் திரும்பத் திரும்பச் சுவர்ணாவோடே கலந்து) ஏற்றி 2009 இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பின்கலப்பிலும் மூல இனத்தின் பங்கு 75, 87.5, 93.75 சதவீதம் என உயர்ந்துகொண்டு போகும். மரபணு அடையாளங்களைக் கொண்டு நாற்றிலேயே தெரிவு செய்வதால் சில தலைமுறைகளில் சுவர்ணாவின் சுவையும் விளைச்சலும் மாறாமல் வெள்ளம் தாங்கும் குணம் மட்டும் சேர்ந்துவிட்டது. உப்பும் வெள்ளமும் மாறி மாறி வரும் எங்கள் கரையோர வயலுக்கு இந்த இரண்டு குணங்களும் சேர்ந்த இனமே பொருத்தம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தச் சேர்க்கையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அது எங்கள் இனங்களிலும் செய்யப்பட வேண்டும்.

வத்தாளங்கொடி எழுதியது:

கைதடி அண்ணா, வணக்கம். நான் போசாக்குத் துறையில் வேலை செய்கிறேன். மகளுக்கு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். உணவு துணை நிற்கும். ஏற்கெனவே வந்துவிட்ட இரத்தச்சோகையை அரிசி மாற்றாது.

அரிசியில் இரும்புச்சத்தைக் கூட்டுவது தாவர விஞ்ஞானிகளுக்கு மிகக் கடினமான வேலையாக இருந்து வருகிறது. நெல்மணியில் உள்ள இரும்பின் பெரும் பகுதி தவிட்டுப் படையிலும் முளையிலும் இருக்கிறது. அரிசியைத் தீட்டும்போது அது மாட்டுக்குப் போய்விடுகிறது. தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே மிஞ்சும். உலகெங்கும் சேகரித்த ஆயிரக்கணக்கான நெல்லினங்களைத் தேடியும், தீட்டிய பிறகு போதிய இரும்பு தங்கும் இனம் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸில் ஓரளவு இரும்பு கூடிய நெல்லொன்றை மணிலாப் பகுதிக் கன்னியர் மடங்களில் ஒன்பது மாதம் உண்ணக் கொடுத்து, 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்புச் சற்றுக் கூடியது, ஹீமோகுளோபின் கூடவில்லை. எனவே இரும்பு நெல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாகச்சத்து வேறு கதை. நாகம் மணியின் உள்ளேயும் பரவியிருப்பதால் தீட்டினாலும் கணிசமான பங்கு தங்குகிறது. சாதாரணக் கலப்பு முறையிலேயே அதைக் கூட்ட முடிந்தது. பங்களாதேஷ் 2013 இல் உலகின் முதலாவது நாகச்சத்து மிகுந்த நெல்லினத்தை வெளியிட்டது. தீட்டிய அரிசியில் வழக்கமாகக் கிலோவுக்கு 16 மில்லிகிராம் அளவில் இருக்கும் நாகத்தை 28 ஆக்குவது அந்த முயற்சியின் இலக்கு.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது. எங்கள் மண் சுண்ணக்கல்லின் மேல் உருவான மண். காரத்தன்மை கூடிய மண்ணில் நாகமும் இரும்பும் கரையாமல் பூட்டப்பட்டுவிடும். நெல் இலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நிற்கும் நோயைக் கிருமியின் வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது நாகக் குறைபாடு என்று 1966 இல் இந்தியாவின் பந்த்நகரில் நிறுவப்பட்டது. மண்ணில் பூட்டிக் கிடக்கும் நாகத்தை எவ்வளவு நல்ல மரபணுவாலும் மணிக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே மண் பரிசோதனை செய்து, குறைபாடு இருந்தால் நாக சல்பேற்று இட வேண்டும். பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தும் எங்கள் பழைய வழக்கத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். உக்கிய சேதனப் பொருள் நாகத்தைக் கரைந்த நிலையில் வைத்திருக்க உதவுகிறது. உவர் மண்ணின் இறுக்கத்தையும் குறைக்கிறது.

நெல்லைத் தாண்டிப் பார்த்தால் தாவர விஞ்ஞானிகளின் வெற்றிகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி என்ற கம்பினத்தை இந்தியாவில் வெளியிட்டார்கள். இரும்புக் குறைபாடுள்ள மகாராஷ்டிரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுந்த கம்பு உணவைக் கொடுத்துச் செய்த ஆய்வில் குறைபாடு நீங்கக் கண்டார்கள். செம்மஞ்சள் நிற வத்தாளங்கிழங்கை ஆபிரிக்காவில் பரப்பியவர்களுக்கும், பயிரிலேயே சத்தைக் கூட்டும் இந்த அணுகுமுறையையே தொடக்கி வைத்த ஹோவார்த் பூயிஸுக்கும் 2016 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் கிழங்கு விற்றமின் ஏ குறைபாட்டுக்கு நேரடியான மருந்து. எங்கள் செம்மண் தோட்டங்களில் வத்தாளங்கிழங்கு நன்றாக வரும். வெள்ளைக் கிழங்குக்குப் பதிலாகச் செம்மஞ்சள் கிழங்கு நட்டால் போதும். இதே விற்றமினுக்காக உருவாக்கப்பட்ட பொன்னிற அரிசி 2000 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, பிலிப்பைன்ஸில் 2021 இல் அனுமதி பெற்று, 2024 இல் நீதிமன்றத் தடைக்கு உள்ளானது. அத்தனை ஆண்டுகளில் கிழங்கு அமைதியாகத் தன் வேலையைச் செய்துவிட்டது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மேட்டுப் பக்கத் துண்டில் நெல் அறுத்த பின் எஞ்சிய ஈரத்தில் பயறோ உளுந்தோ விதையுங்கள். பயறு 100 கிராமில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்பு உண்டு. மஞ்சள் மொசைக் நோயைத் தாங்கும் இனத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்; வெள்ளை ஈயால் பரவும் அந்த நோய் வந்தால் மருந்தடித்துப் பயனில்லை, இனத்தின் எதிர்ப்புத்தன்மைதான் பாதுகாப்பு. பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைற்றிக் அமிலம் குறையும். அதனோடு தேசிக்காய்ச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உறிஞ்சப்படும் இரும்பு கூடும். சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால் மகளுக்கு அதை நிறுத்திவிடுங்கள். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, அரிசியில் 10 அளவில்தான். வளரும் பிள்ளைக்குக் குரக்கன் பிட்டு கிழமையில் சில நாட்களாவது இருக்கட்டும். நெல்லைக் குற்றும்போது தவிடு முழுவதும் போகாதபடி ஆலைக்காரரிடம் சொல்லிக் குற்றுவித்தால், புதிய இனம் எதுவும் இல்லாமலே நாகமும் பி விற்றமின்களும் கூடும்.

காற்றில் கரியமிலவாயு கூடக் கூட நெல்லிலும் கோதுமையிலும் நாகமும் புரதமும் குறைகின்றன என்று 2014 இல் வெளியான பல நாட்டு வயற் சோதனைகள் காட்டின. ஆகவே பயிரின் தாங்குதிறனையும் உணவுச்சத்தையும் தனித்தனி ஆராய்ச்சிகளாக நடத்துவதை நான் ஏற்கவில்லை. ஒரே தெரிவு மேடையில் இரண்டையும் அளக்க வேண்டும்.

காரைநகர் வெள்ளாமை எழுதியது:

பரந்தன் ஐயா விளக்கமாக எழுதியிருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் மொட்டைக்கறுப்பனை நாலரை மாத நெல் என்று ஒதுக்கிவிடுவது போன்ற தொனி மனத்துக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் இன்றும் அதை விதைக்கிறோம். பசளை அதிகம் கேட்பதில்லை, வைக்கோல் நீளமாகக் கிடைக்கிறது, களையை மேவி வளர்கிறது, சோறும் கஞ்சியும் நாள் முழுவதும் வயிற்றில் நிற்கின்றன. புதிய இனத்தின் விளைச்சல் கூடுதல்தான். ஆனால் பசளைக் கடன், மருந்துச் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பார்க்கும்போது கையில் மிஞ்சும் தொகையில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிவப்பரிசிக்கு இன்று விலையும் உண்டு.

ஐயாவின் விளக்கத்திலேயே ஒன்றைக் கவனியுங்கள். பொக்காளி, நோனா பொக்ரா, எஃப்.ஆர். 13ஏ எல்லாமே கமக்காரர்கள் காத்து வைத்த நெல்லினங்கள். எங்கள் நாட்டின் முதல் பெரும் கலப்பு வெற்றியான எச்-4 கூட முருங்கைக்காயன் 302 என்ற உள்ளூர் நெல்லையும் இந்தோனேசிய நெல்லொன்றையும் கலந்து பிறந்தது. எனவே மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் வயலில் அழியவிட்டுவிட்டு, விஞ்ஞானிகள் பிறகு எதைக் கொண்டு புதிய இனம் ஆக்கப்போகிறார்கள்? கன்னொறுவை மரபுவள நிலையத்தின் குளிரறையில் விதை இருப்பது நல்லதுதான். வயலில் ஆண்டுதோறும் உப்பையும் மழையையும் பார்த்து வளரும் விதை வேறு. கைதடிக்காரர் ஒரு துண்டையாவது அப்பாவின் நெல்லுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கைதடிக் கமம் எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பசளையைக் கூட்டியது ஏன் பயன்படவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. முளைகட்டிய பயறும் தேசிக்காயும் நாளையிலிருந்து வீட்டில் நடைமுறைக்கு வரும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மரபணுத் திருத்தம் செய்த நெல் உப்பையும் வறட்சியையும் தாங்கும் என்று இந்தியச் செய்திகளில் பார்த்தேன். அது மரபணு மாற்றிய பயிர்தானா, எங்களுக்கு வருமா? அடுத்து, ஏ.ரி. 354 ஐ ஒருமுறை வாங்கினால் அடுத்த ஆண்டுக்கு நானே விதைநெல் எடுத்து வைக்கலாமா, அல்லது கலப்பின மிளகாய் போல ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டுமா?

பரந்தன் நாற்று எழுதியது:

முதலில் காரைநகர் அன்பருக்கு: நான் எழுதியது கடல்நீரேரிப் பக்கத் துண்டின் உப்பு நாட்காட்டியைப் பற்றி மட்டுமே. மேட்டுத் துண்டில் மொட்டைக்கறுப்பன் விதைப்பதற்கு என் முழு ஆதரவு உண்டு. பாரம்பரிய இனங்கள் வயலில் வாழ வேண்டும் என்ற உங்கள் கருத்தை ஆராய்ச்சித் துறையில் இருந்தவன் என்ற முறையில் நான் இன்னும் அழுத்தமாகவே சொல்வேன். ஆனால் பழைய இனங்கள் எல்லாமே உப்பைத் தாங்கும் என்பதும், சிவப்பாக இருந்தால் இரும்பு கூடியது என்பதும் சரியல்ல. சிவப்பு நிறம் தவிட்டுப் படையிலுள்ள நிறப்பொருட்களால் வருவது. இரும்பின் அளவை அளந்துதான் அறிய வேண்டும்.

தம்பி, நீங்கள் பார்த்த செய்தி 2025 மே மாதத்தில் இந்தியா அறிவித்த இரண்டு நெல்லினங்களைப் பற்றியது. அவற்றில் ஒன்று எம்.ரி.யு. 1010 என்ற பழகிய இனத்தில் டி.எஸ்.ரி. என்ற மரபணுவைத் திருத்தி ஆக்கப்பட்டது. அந்த மரபணு இலைத்துளைகள் மூடுவதைத் தடுத்து வைத்திருக்கும். அதைச் செயலிழக்கச் செய்தால் துளைகள் நேரத்துக்கு மூடி நீர் இழப்புக் குறைகிறது. வேறோர் உயிரியின் மரபணு உள்ளே சேர்க்கப்படாததால் இதை மரபணு மாற்றிய பயிரிலிருந்து வேறாகவே இந்தியச் சட்டம் நடத்துகிறது. இலங்கையில் இந்த விதை இல்லை. ஒன்றிரண்டு மரபணுக்களால் தீரும் சிக்கலுக்கு இந்த முறை மிகப் பயனுள்ளது என்று நம்புகிறேன். பூக்கும் பருவத்து உப்புத் தாங்குதிறன் பல மரபணுக்களின் கூட்டு வேலை என்பதால், அங்கே இன்னும் நீண்ட காலம் வயலில் நின்று தெரிவு செய்ய வேண்டியிருக்கும்.

விதைநெல்லை நீங்களே எடுத்து வைக்கலாம். நெல் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது, ஏ.ரி. 354 நிலைப்பட்ட இனம் என்பதால் குணம் மாறாது. கலப்பின மிளகாயில் அடுத்த தலைமுறையின் குணம் சிதறிவிடும், இந்த நெல்லில் அந்தச் சிக்கல் இல்லை. சான்றுபடுத்தப்பட்ட விதைநெல்லை முதலில் வாங்கி, வயலின் நடுப்பகுதியில் ஒரு பரப்பை விதைக்கென ஒதுக்குங்கள். கதிர் தள்ளியதும் உயரத்திலோ நிறத்திலோ மாறுபட்டு நிற்கும் பயிரையும், களைநெல்லையும் பிடுங்கி அகற்றுங்கள். அதைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, நன்றாகக் காயவைத்துப் புதிய சாக்கில் கட்டுங்கள். மூன்று நான்கு போகத்துக்கு ஒருமுறை புதிய விதை வாங்கினால் போதும்.

வருகிற காலபோகத்துக்குச் செய்ய வேண்டியது இது. விதைப்புக்கு முன் இரண்டு துண்டிலிருந்தும் தனித்தனியே மண் எடுத்து, மின்கடத்துதிறனுக்கும் காரத்தன்மைக்கும் நாகத்துக்கும் பரிசோதிக்கப் போதனாசிரியர் மூலம் அனுப்புங்கள். கடல்நீரேரிப் பக்கத்துத் துண்டை இரண்டாகப் பிரித்து ஏ.ரி. 354 ஐயும் இப்போது விதைக்கும் இனத்தையும் ஒரே நாளில், ஒரே அளவு பசளையோடு விதையுங்கள். மழைநீர் வரம்பு கடந்து ஓடாதபடி வரம்பை உயர்த்தி, கார்த்திகையில் ஒருமுறை நின்ற நீரை வடித்து மீண்டும் மழைநீரைத் தேக்கினால் உப்புக் கழுவப்படும். நாற்று மூன்று இலை விடும்போது ஒருமுறையும் பூக்கும் கிழமையில் ஒருமுறையும் வயல்நீரின் மின்கடத்துதிறனை அளந்து, விதைத்த நாள், பூத்த நாள், மழை நின்ற நாள் ஆகியவற்றோடு குறித்து வையுங்கள். அறுவடையின்போது ஒவ்வோர் இனத்திலும் சில கதிர்களை எடுத்து நிறைமணியையும் பதரையும் பிரித்து எண்ணுங்கள்.

அந்தக் குறிப்புகளை மாசி மாதத்தில் இங்கே பதிவிடுங்கள். பூக்கும் கிழமையில் அளவு 3 ஐத் தாண்டாதிருந்தும் பதர் கூடியிருந்தால் காரணத்தை உப்பில் அல்லாமல் நாகக் குறைபாட்டிலோ பூச்சியிலோ தேட வேண்டியிருக்கும். மிக உயர்ந்திருந்தால் அந்தத் துண்டில் விதைப்பு நாளை இன்னும் முன்னே நகர்த்துவதா, இரண்டரை மாத நெல்லான பி.ஜி. 250 போன்ற இனத்துக்கு மாறுவதா என்று அப்போது பார்க்கலாம்.